1969 சார்ஜர் 1:18 மாடல் வாங்கணும்னா மொதல்ல பின் கண்ணாடியப் பாருங்க

தம்பி கேட்டது இதுதான்: 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டிங்கிற அமெரிக்கக் காரோட 1:18 டை-காஸ்ட் மாடல் ஒன்னு, அதாவது நிஜ வண்டியில பதினெட்டுல ஒரு பங்கு அளவுக்கு உலோகத்துல வார்த்தது, வாங்கணும், ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்காரு, ரெண்டுலயும் கதவு பானெட் டிக்கி எல்லாம் தொறக்குது, தூக்கிப் பார்த்தா ரெண்டுமே ஒரு கிலோ பக்கம் வருது, ஆனா ஒன்னு இன்னொன்ன விட நாலு மடங்கு விலை, அப்படி என்னதான் இருக்கு அதுல, அந்தக் காசுக்குத் தகுமா, வாங்கினா சென்னை ஈரத்துல எத்தன வருஷம் தாங்கும்.

நல்ல கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேல இந்த மாடல்களச் சேர்க்குறேன், அதுல சார்ஜர் மட்டும் ஏழு இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எத்தன பாகம் தொறக்குதுன்னு எண்ணுறத விட்டுடுங்க, நாலு மடங்கு காசு வாங்குற மாடல்ல அந்தக் காசு உருவத்துலதான் போயிருக்கணும், அங்க போகாம வேற எங்க போயிருந்தாலும் அது வீண். உருவம் சரியா இருக்கான்னு கண்டுபிடிக்க உங்களுக்கு நிஜ வண்டி தெரிஞ்சிருக்கணும். மாடலப் பார்த்து வண்டியக் கத்துக்கிட்டா மாடல்ல இருக்குற தப்பும் சேர்ந்து மனசுல பதிஞ்சிடும், அப்புறம் சரியான மாடலப் பார்த்தாக்கூட அதுதான் தப்புன்னு தோணும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, ரொம்ப நாள்.

அதனால மொதல்ல வண்டி. 1966, 67ல வந்த முதல் சார்ஜர் கூரை அப்படியே டிக்கி வரைக்கும் சரிஞ்சு எறங்குற ஒரு பெரிய ஃபாஸ்ட்பேக், சரியா விக்கல. 1968க்கு மொத்தமா மாத்தினாங்க. டாட்ஜ் ஸ்டைலிங் ஸ்டுடியோவுக்குத் தலைவர் பில் பிரவுன்லி, வெளி உருவத்த வரைஞ்சவர் ரிச்சர்ட் சையஸ். அவர் புடிச்ச வடிவத்துக்கு ரெட்டை வைரம்னு சொல்வாங்க, முன் சக்கரத்துக்கிட்ட பாடி புடைச்சு வரும், கதவுக்கிட்ட வந்ததும் இடுப்பு மாதிரி ஒடுங்கும், பின் சக்கரத்துக்கு மேல திரும்பவும் தோள் மாதிரி எழும்பும், அத அமெரிக்காக்காரங்க கோக் பாட்டில்னு கூப்பிடுவாங்க. கம்பெனி 35,000 வண்டி விக்கும்னு கணக்குப் போட்டிருந்துச்சு, அந்த ஒரு வருஷத்துல 96,000க்கு மேல போச்சு. அந்த உருவத்துக்காகத்தான் ஜனங்க வாங்கினாங்க, அந்த உருவத்துக்காகத்தான் இன்னிக்கு நீங்களும் மாடல் தேடுறீங்க.

இந்த இடுப்ப மாடல்ல சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. மாடலக் கையில எடுத்து ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு, கண்ண பானெட் மட்டத்துக்குக் கொண்டு வந்து, பக்கவாட்டுல அந்த ட்யூப்லைட்டோட பிம்பம் ஒரு வெள்ளைக் கோடா ஓடுறதப் பாருங்க. முன் மட்கார்டு மேல ஆரம்பிச்சு, கதவுல மெல்ல கீழ எறங்கி, பின்னாடி தோள் மேல ஏறிப் போகணும், ஒரே கோடா. கதவு ஆரம்பிக்கிற இடத்துல கோடு முறிஞ்சு ரெண்டு மில்லி தள்ளி மறுபடி ஆரம்பிச்சா கதவு பாடியோட சமமா உக்காரலன்னு அர்த்தம். கோடு முறியாம ஆனா நேரா, அலையே இல்லாம போச்சுன்னா அச்சு செதுக்கினவங்க இடுப்பையே புடிக்கல, அது இன்னும் பெரிய தப்பு, ஏன்னா முதல்ல சொன்னத இன்னொரு பீஸ் வாங்கிச் சரி பண்ணிக்கலாம், இத எந்தப் பீஸ்லயும் சரி பண்ண முடியாது.

அடுத்து வருஷம். 68, 69, 70 மூணும் தூரத்துல ஒரே வண்டி மாதிரி இருக்கும், பாடி ஒன்னுதான். ஆனா முன் கிரில் 68ல ஒரே நீளமான கருப்பு வாய், நடுவுல ஒன்னும் இல்ல, 69ல நடுவுல ஒரு பிரிவு வந்துடுச்சு, 70ல கிரில சுத்தி முழுசா குரோம் பம்பர் வளையம். பின் லைட்டு 68ல ரெண்டு ரெண்டா வட்டம், 69ல ரெண்டு நீளப் பட்டை. பக்கவாட்டு மார்க்கர் லைட்டு 68ல சின்ன வட்டம், 69ல செவ்வகம். 70 ஆர்/டி கதவுல பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு ஸ்கூப் ஒட்டியிருக்கும், 69ல அது கிடையாது, அதுக்குப் பதிலா கதவு உலோகத்துலயே ரெண்டு பள்ளம் அழுத்தியிருக்கும், பானெட்லயும் அதே மாதிரி ரெண்டு பள்ளம். அச்சு செய்யுற செலவ மிச்சம் பண்ண ஒரே பாடி அச்ச வச்சு மூணு வருஷத்தையும் விக்குற பழக்கம் உண்டு, பெட்டில 1969ன்னு எழுதியிருக்கும், முன்னாடி கிரில் 69, மார்க்கர் லைட்டு மட்டும் வட்டமா நிக்கும். இந்த ஒரு இடத்தப் பார்த்தாலே அந்தக் கம்பெனி எவ்வளவு கவனமா வேல செஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். ஆர்/டின்னா ரோடு அண்ட் ட்ராக், அந்த மாடலுக்கு டிக்கிக்கிட்ட சுத்தி வர்ற பம்பிள்பீ பட்டை உண்டு, வேணாம்னு சொல்லி இல்லாமலும் வாங்கலாம், அதனால பட்டை இல்லாத மாடலப் பார்த்து தப்புன்னு நெனச்சிடாதீங்க.

இப்ப தலைப்புல சொன்ன பின் கண்ணாடிக்கு வர்றேன், எனக்கு இந்த வண்டியில உயிரே அங்கதான்.

சார்ஜர் கூரையோட ரெண்டு பக்கத் தூணும் டிக்கி வரைக்கும் சரிஞ்சு எறங்கும், ஆனா கண்ணாடி மட்டும் அந்தத் தூணுங்களுக்கு நடுவுல உள்வாங்கி, கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், ஒரு குகை வாசல் மாதிரி. பார்க்க அவ்வளவு அழகு. ஓட்டத்துல அது பெரிய தொல்லையா போச்சு. நாஸ்கார்ங்கிற அமெரிக்கக் கார் ரேஸ்ல மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்துல போகும்போது காத்து கூரையத் தாண்டி அந்தக் குழியில விழுந்து சுழல, வண்டியோட பின்பக்கம் மேல தூக்க ஆரம்பிச்சது, முன்னாடி அந்த உள்வாங்கின கிரில்லும் காத்த அள்ளிப் புடிச்சுக்கிச்சு. அதச் சரி பண்ண 1969க்கு சார்ஜர் 500ன்னு ஒன்னு செஞ்சாங்க, கிரில முன்னுக்குத் தள்ளி, கண்ணாடியத் தூணுங்களோட சமமா சாய்ச்சு அடைச்சாங்க. ரேஸ்ல ஓட்டணும்னா பொதுமக்களுக்கு 500 வண்டி வித்திருக்கணும்னு விதி, பேருல 500 வந்ததே அதனாலதான். அதுவும் பத்தலன்னு மூக்கு நீட்டி, பின்னாடி டிக்கிக்கு மேல ரெண்டு அடிக்குக் கொஞ்சம்தான் கம்மியா ஒரு றெக்கை வச்சு சார்ஜர் டேட்டோனா வந்துச்சு, 503 வண்டிதான் செஞ்சாங்க. 1970 மார்ச் 24 அன்னிக்கு டல்லடேகா ட்ராக்ல பட்டி பேக்கர் ஒரு டேட்டோனாவ 200.447 மைல் வேகத்துல ஓட்டினாரு, மூடின ட்ராக்ல நாஸ்கார் வண்டி ஒன்னு 200 மைல் தாண்டினது அதுதான் மொத தடவை.

இந்தக் கதைய ஏன் சொல்றேன்னா, ஒரே அச்சுல ஆர்/டியும் 500ம் டேட்டோனாவும் செய்யுறப்ப அடிபடுறது இந்தப் பின் கண்ணாடிதான். ஆர்/டின்னா கண்ணாடி உள்வாங்கி இருக்கணும். எவ்வளவு ஆழம்னு அளக்க வேணாம், மாடலப் பக்கவாட்டுல நேரா வச்சுப் பாருங்க, தூணு கண்ணாடிய முழுசா மறைக்கணும், கண்ணாடியோட ஓரம் எங்கயாவது எட்டிப் பார்த்தா ஆழம் பத்தல. மேல இருந்து பாருங்க, ரெண்டு தூணும் டிக்கிய நோக்கிப் போகப் போக உள்பக்கம் குறுகணும். விலை கம்மியான மாடல்ல தூணுங்க கனமா, இணையா, ஏதோ சுவர் மாதிரி நிக்கும். அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது, வார்ப்போட சிக்கல் அது.

இந்த மாடலுங்க வார்க்குற உலோகத்துக்கு ஸாமாக்னு பேரு, துத்தநாகத்துல நாலு சதவீதம் பக்கம் அலுமினியம் கலந்தது, கொஞ்சமா மெக்னீசியம், சில ரகத்துல செம்பு. ஜெர்மன் மொழில இந்த நாலு உலோகத்தோட முதல் எழுத்த எடுத்து வச்ச பேருதான் அது, நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929ல கொண்டு வந்தாங்க. 400 டிகிரிக்குப் பக்கத்துலயே உருகிடும், அதனால எஃகு அச்சுக்கு ரொம்பச் சேதம் வராது, தண்ணி மாதிரி ஓடி மெல்லிசான இடத்துலயும் பூந்துடும். உருக்கின உலோகத்த அழுத்தத்தோட அச்சுக்குள்ள தள்ளுவாங்க, கண் மூடித் தொறக்குறதுக்குள்ள நெறஞ்சிடும், எறுகினதும் அச்சு ரெண்டாப் பிரிஞ்சு பாடி வெளிய வரணும். இங்கதான் சார்ஜர் மாதிரி வண்டி கஷ்டம் கொடுக்கும். அச்சு நேரா வெளிய வரணும்னா பாடில எந்தப் பக்கமும் உள்வாங்கின குழி இருக்கக் கூடாது, இந்த வண்டியில பின் கண்ணாடி ஒரு குழி, கிரில் ஒரு குழி, இடுப்புக்குக் கீழ பாடி உள்பக்கம் சுருண்டு போகுது அது ஒரு குழி. ஒவ்வொன்னுக்கும் பக்கவாட்டுல தனியா நகர்ற அச்சுத்துண்டு வைக்கணும், அந்தத் துண்டுங்க சேர்ற இடத்துல எல்லாம் பாடி மேல ஒரு மெல்லிய வரம்பு நிக்கும், அத ஆள் உக்காந்து அரம் போட்டு தேய்க்கணும். நாலு மடங்கு விலையில ஒரு நல்ல பங்கு அந்தத் துண்டுங்களுக்கும் அந்தத் தேய்ப்புக்கும்தான். சில மாடல்ல கூரை ஓரத்துல விரல வச்சு ஓட்டினா பெயிண்டுக்குக் கீழ அந்த வரம்பு இன்னும் தட்டுப்படும்.

அளவு பார்க்குறதுக்கு வெர்னியர் இருந்தா எடுத்துக்கோங்க, இல்லன்னா சாதா ஸ்கேல் போதும். நிஜ வண்டி 208 இன்ச் நீளம், அதாவது 528 சென்டிமீட்டர், 18ல வகுத்தா 29.3 சென்டிமீட்டர். முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடுவுக்கு 117 இன்ச், மாடல்ல 16.5 சென்டிமீட்டர். இந்த ரெண்டாவது அளவத்தான் நான் மொதல்ல எடுப்பேன், நீளம் பம்பர் ஒட்டுறதுல ஒரு மில்லி மாறலாம், சக்கர இடைவெளி மாறினா முழு வண்டியும் மாறிடும். இதே வண்டி 1:24ல 22 சென்டிமீட்டர், 1:64ல எட்டே கால் சென்டிமீட்டர்தான்.

நிக்குற உயரம் பத்தி யாரும் பேசுறதே இல்ல, ஆனா மாடல் பொம்மை மாதிரி தெரியுறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்குன்னு பாருங்க, ஸ்பிரிங் வேல செய்யணும்னு தூக்கி வச்சிருப்பாங்க, வண்டி சேத்துல எறங்க ஜீப் மாதிரி நிக்கும். 1969ல எடுத்த ஃபேக்டரி போட்டோ ஒன்னப் பக்கத்துல வச்சுக்கிட்டு பாருங்க, உடனே தெரியும்.

கதவுங்களப் பத்தி. நிஜ வண்டியில கதவு இடுக்கு அஞ்சு மில்லின்னு வச்சுக்குவோம், 1:18ல அது கால் மில்லிக்குக் கொஞ்சம் மேல, கிட்டத்தட்ட மூணு ஏ4 பேப்பர் கனம். வார்த்த ஸாமாக் கதவு ஒன்னு ஒன்றரை மில்லி கனம்னு வச்சுக்குவோம், அத நிஜ அளவுக்குப் பெருக்கினா 27 மில்லி, எந்தக் காருக்கும் அவ்வளவு தடிமன்ல தகடு கெடையாது. அதனால தொறக்குற பாகம் ஒவ்வொன்னும் ஒரு விட்டுக்கொடுப்புதான், நல்ல கம்பெனிங்க கதவு ஓரத்த மட்டும் உள்பக்கமா செதுக்கி மெல்லிசாக் காட்டுவாங்க. கீல் எப்படி இருக்குன்னும் பாருங்க. மலிவான மாடல்ல நாய்க்கால் மாதிரி வளைஞ்ச ஒரு தடிக் கம்பி டேஷ்போர்டு பக்கத்துல ஓட்டை போட்டு உள்ள போகும், கதவத் தொறந்தா அந்த ஓட்டைதான் முதல்ல கண்ணுல படும். நல்ல மாடல்ல நிஜக் கதவு மாதிரியே மேலயும் கீழயும் ரெண்டு சின்னக் கீல் இருக்கும். இது ஒன்னு மட்டும் சரியா இருந்தா நான் மத்த சின்னச் சின்ன தப்ப மன்னிச்சிடுவேன்.

பெயிண்டு விஷயம் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. வண்டிய 18 மடங்கு சின்னதாக்கலாம், பெயிண்டச் சின்னதாக்க முடியாது. மெட்டாலிக் பெயிண்ட்ல கலந்திருக்குற அலுமினியத் துகள் நிஜ வண்டியில கண்ணுக்குத் தனியாத் தெரியாது, அதே பெயிண்ட மாடல் மேல அடிச்சா ஒவ்வொரு துகளும் 18 மடங்கு பெருசான மாதிரி மினுங்கும், பார்த்தா ஜிகினா தூவின மாதிரி இருக்கும். டாட்ஜோட பி5 நீலம், எஃப்8 கரும்பச்சை ரெண்டும் மெட்டாலிக், அதனால அந்த நிறத்துல மாடல் வாங்குறப்ப வெயில்ல புடிச்சுப் பாருங்க, துகள நல்லா அரைச்சு சேர்த்திருந்தா பட்டு மாதிரி மின்னும், இல்லன்னா மணல் மணலாத் தெரியும். கனமா அடிச்ச பெயிண்டு இன்னொரு வேலையும் பண்ணும், கதவுல இருக்குற அந்த ரெண்டு பள்ளத்தோட விளிம்ப மழுக்கிடும், சோப்புல செஞ்ச மாதிரி ஆயிடும். பின்பக்கம் இடது பாடி மேல ஒரு குரோம் பெட்ரோல் மூடி இருக்கும், ரேஸ் வண்டி மாதிரி தட்டித் தொறக்குற மூடி, அத சுத்தி இருக்குற திருகுங்க ஒவ்வொன்னாத் தெரியுதான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, பெயிண்டு, குரோம், அச்சு மூணோட தரமும் அந்தச் சின்ன வட்டத்துல தெரிஞ்சிடும்.

என்ஜினுக்கு வாங்க. 69 ஆர்/டிக்கு சாதாரணமா வர்றது 440 கன இன்ச் மேக்னம் என்ஜின், 375 குதிரைத்திறன், அதுக்கு மேல வேணும்னா ஒரே ஒரு ஆப்ஷன்தான், 426 ஹெமி, 425 குதிரைத்திறன். ஹெமி 1964ல டேட்டோனா 500 ரேஸ்ல மொத மொதல்ல எறங்கி முதல் மூணு இடத்தையும் டாட்ஜோட சகோதரக் கம்பெனியான ப்ளைமவுத் வண்டிங்களுக்கு வாங்கிக் கொடுத்துச்சு, ரிச்சர்ட் பெட்டிதான் ஜெயிச்சவர், ரெண்டு வருஷம் கழிச்சு 1966ல ரோட்டு வண்டிக்கும் வந்துச்சு. எரியுற அறையோட மேல்பக்கம் பாதி உருண்டை மாதிரி இருக்குறதால அந்தப் பேரு. மாடல்ல எது இருக்குன்னு எப்படித் தெரியும்னா, 440ல ஒரு கார்பரேட்டர், அதுக்கு மேல வட்டமான ஏர் கிளீனர். ஹெமில ரெண்டு நாலு-பேரல் கார்ட்டர் கார்பரேட்டர் முன்னும் பின்னுமா வரிசையா நிக்கும், அது ரெண்டையும் சேர்த்து மூடுற ஒரு பெரிய ஏர் கிளீனர், என்ஜின் பிளாக் ஆரஞ்சு, வால்வ் கவர் கருப்புல சுருக்கம் விழுந்த பெயிண்டு, ரொம்ப அகலம்.

என்கிட்ட இருக்குற ஒரு ஹெமி மாடல்ல பானெட்டத் தொறந்து, டார்ச் அடிச்சு, பூதக்கண்ணாடி வழியா நான் பண்ணுற முதல் வேலை வயர எண்ணுறது. பிளக்குங்களுக்கு மின்சாரத்தப் பிரிச்சுக் கொடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினோட முன்பக்கம் வலது ஓரத்துல சாய்ஞ்சு நிக்கும், அதோட மூடில இருந்து ஒன்பது வயர் கெளம்பணும், எட்டு பிளக்குக்கு எட்டு, காயிலுக்கு ஒன்னு. ஹெமில பிளக்கு அறையோட நடு உச்சியில இருக்குறதால வயர் பக்கவாட்டுல போகாது, வால்வ் கவருக்கு நடுவுல நாலு ஓட்டை வழியா நேரா உள்ள எறங்கும், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. என் மாடல்ல அந்த வயர் ஒவ்வொன்னும் தலைமுடிய விட கொஞ்சம்தான் தடிமன், ஓட்டை வாய்ல குட்டியா ஒரு கருப்பு மூடி. சிலிண்டர் எரியுற வரிசை 1-8-4-3-6-5-7-2, அந்த வரிசைப்படி மூடில இருந்து வயரத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன், எட்டும் சரியான ஓட்டைக்குத்தான் போகுது. தொழிற்சாலையில யாரோ ஒரு அம்மாவோ பொண்ணோ இடுக்கி வச்சு இத ஒவ்வொன்னாச் செருகியிருக்காங்க, அதுவும் சரியாச் செருகியிருக்காங்க. இந்த மாதிரி மாடலுங்க பெரும்பாலும் சீனாவுல குவாங்டாங் பக்கம் கையாலதான் கோக்குறாங்க, ஒரு மாடல்ல நூத்துக்கணக்கான பாகம். அன்னிக்கு ராத்திரி அந்த வயரப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

உள்பக்கம் சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். சாவி ஓட்டை டேஷ்போர்டுல இருக்கணும், ஸ்டீயரிங் தண்டுக்கு அது 1970லதான் போச்சு. முன் சீட்டுக்குத் தலைசாய்ப்பு 1969 ஜனவரி 1ல இருந்து அமெரிக்காவுல கட்டாயம், 69 மாடல் வண்டிங்க 68 கடைசியிலயே விக்க ஆரம்பிச்சுட்டதால தலைசாய்ப்பு இல்லாத 69ம் உண்டு, அதனால அது இருந்தாலும் இல்லாட்டியும் தப்பு இல்ல. கம்பளம் பஞ்சு தூவின மாதிரி இருந்தா நல்லது, வெறும் பிளாஸ்டிக்னா விலைக்கு ஏத்த மாதிரி முடிவு பண்ணுங்க.

வண்டியத் திருப்பிப் போட்டும் பாருங்க. டாட்ஜோட தாய்க் கம்பெனி கிரைஸ்லர், அந்தக் காலத்து அவங்க வண்டிங்களுக்கு முன்னாடி சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளவாக்குல ஓடுற டார்ஷன் பார், முறுக்கி எடையத் தாங்குற ஒரு எஃகுத் தண்டு, பின்னாடி லீஃப் ஸ்பிரிங் பட்டை. முன்னாடி சுருள் ஸ்பிரிங் வச்ச சார்ஜர் மாடல்னா வேற ஏதோ வண்டியோட சேஸிஸ் அடித்தட்ட எடுத்து மாட்டியிருக்காங்க. இது தனி சட்டம் இல்லாத யூனிபாடி, ஃபேக்டரில பாடிக்குப் பெயிண்டு அடிக்கிறப்ப அடித்தளத்து ஓரத்துலயும் தெறிக்கும், நல்ல மாடல்ல அந்தத் தெறிப்பக்கூட அடிச்சுக் காட்டியிருப்பாங்க, முழுக்கருப்பா விட்டிருக்க மாட்டாங்க.

இந்த அளவுக்கு மசில் கார், அதாவது சார்ஜர் மாதிரி பெரிய என்ஜின் வச்ச அமெரிக்கக் கார், அதுக்கு மாடல் செய்யுற பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னா, 1950, 60கள்ல டீட்ராய்ட் கார் கம்பெனிங்க ஏ.எம்.டி, ஜோ-ஹான் மாதிரி மாடல் கம்பெனிங்ககிட்ட 1:25ல பிளாஸ்டிக் மாடல் செய்யச் சொல்லுவாங்க, டீலருங்க அத கடைக்கு வர்றவங்களுக்குக் கொடுப்பாங்க, ஆரம்பத்துல அசிடேட் பிளாஸ்டிக், நாள் ஆக ஆக அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். 1:18 உலோக மாடல் மசில் காருக்குப் பெருசா பரவினது 1990கள்ல, அயோவா மாநிலத்துல டயர்ஸ்வில் ஊர்ல இருந்த எர்ட்ல் கம்பெனி, 1945ல டிராக்டர் பொம்மை செஞ்சு ஆரம்பிச்சவங்க, அமெரிக்கன் மசில்னு ஒரு வரிசையே விட்டாங்க. அந்த அச்சுங்கள்ல பல இன்னிக்கு வேற பேர்ல, ஆட்டோ வேர்ல்டுங்கிற கம்பெனியோட பெட்டியில வருது. அதனால புது மாடல்னு போட்டிருந்தாலும் அச்சு முப்பது வருஷத்துப் பழசா இருக்கலாம், அது குறையும் இல்ல, உருவம் சரியாப் புடிச்ச பழைய அச்சு, தப்பாப் புடிச்ச புது அச்ச விட எவ்வளவோ மேல்.

சென்னை ஈரம். இது உங்களுக்கு விலைய விட முக்கியம்.

பத்து வருஷம் முன்னாடி ஒரு மாடல் வாங்கினேன், பத்திரமா இருக்கட்டும்னு பெட்டியிலயே, அந்த தெர்மாகோல் கூட்டுக்குள்ளயே, சுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையோட அலமாரி மேல வச்சுட்டேன். ஆறு வருஷம் கழிச்சுப் பிரிச்சா கூரை மேல, டிக்கி மேல வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம், தொட்டா பெயிண்டு அப்படியே எழும்புது. பிளாஸ்டிக் உறைக்குள்ள மாட்டின ஈரம் வெளிய போக வழி இல்லாம பெயிண்டுக்குள்ள ஊறி அடியில இருந்த துத்தநாகத்த அரிச்சிருக்கு. வெளிய கண்ணாடி அலமாரியில தூசு படிஞ்சு கெடந்த மாடலுங்களுக்கு ஒன்னும் ஆகல. அப்ப வந்த வருத்தம் இன்னும் போகல எனக்கு, அதனால சொல்றேன், வந்த அன்னிக்கே பிளாஸ்டிக் உறையக் கழட்டித் தூரப் போடுங்க. பெட்டியில வைக்கணும்னா மெல்லிசான பருத்தித் துணி சுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிஞ்சதும் பொட்டலத்த மாத்துங்க. அலமாரி வெளிச்சுவத்த ஒட்டி இருக்க வேணாம், ஜன்னல் வெயிலும் படக் கூடாது, சிவப்பு ஆரஞ்சு ரெண்டும் சீக்கிரம் வெளுத்துடும்.

துத்தநாக நோய்னு ஒன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது வேற. கலவையில ஈயம் மாதிரி அசுத்தம் சேர்ந்திருந்தா உலோகமே உள்ளுக்குள்ள விரிஞ்சு, வெடிச்சு, கடைசில பிஸ்கட் மாதிரி உதிரும், இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி வந்த டிங்கி கார் பொம்மை பலதும் இப்படித்தான் போச்சு. அதுக்கு மருந்தே கிடையாது. இன்னிக்கு சுத்தமான துத்தநாகம் போடுறதால ரொம்பக் குறைவு, ஆனா கதவு ஓரத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு, பானெட் முன்ன மூடினது இப்ப மூட மாட்டேங்குதுன்னா சந்தேகப்படுங்க, செகண்ட் ஹேண்ட்ல வாங்குறப்ப கட்டாயம் பாருங்க.

டயர் பத்தியும் சொல்லிடுறேன். மெத்துன்னு இருக்குற பிவிசி பிளாஸ்டிக் டயர்ல இருந்து எண்ணெய் மாதிரி ஒன்னு கசியும், அக்ரிலிக் தட்டு மேல வருஷக்கணக்கா நிறுத்தி வச்சா தட்டும் டயரும் ஒட்டி உருகின மாதிரி ஆயிடும், டயருக்குக் கீழ சின்னதா அலுமினிய ஃபாயில் வெட்டி வைங்க, இல்லன்னா பெட்டியோட வர்ற அடிப்பலகையில திருகி சக்கரம் லேசா அந்தரத்துல நிக்குற மாதிரி வைங்க, டயர் தட்டையாகாது.

கடைசியா காசு. நீங்க அனுப்பின ரெண்டு போட்டோவும் பார்த்தேன். விலை கம்மியான மாடல்ல பின் கண்ணாடித் தூணுங்க இணையா நிக்குது, மார்க்கர் லைட்டு வட்டமா இருக்கு, நாய்க்கால் கீல். அதுவே தூணு சரியா இருந்து கீல் மட்டும் மோசமா இருந்தா கதவத் தொறக்காம வச்சுக்கோங்க, காச மிச்சம் பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன், ஆனா இதுல உருவமே போச்சு. விலை ஜாஸ்தியான மாடல்ல தூணு உள்பக்கம் குறுகுது, கிரில் பிரிவு இருக்கு, மார்க்கர் செவ்வகம், ட்யூப்லைட் கோடு போட்டோலயே ஓரளவு தெரியுது. ஆனா அந்தப் போட்டோவுல பானெட் தொறக்கல. கடைக்காரர்கிட்ட பானெட்டத் தொறந்து ஏர் கிளீனரும் டிஸ்ட்ரிபியூட்டரும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ கேளுங்க, முன் டயரும் மட்கார்டும் தெரியுற மாதிரி பக்கவாட்டுல இன்னொன்னு. ஆறு மாசம் காசு சேர்த்து அத வாங்குங்கன்னுதான் சொல்வேன், அந்த ரெண்டு போட்டோ வந்ததும் எனக்கும் அனுப்புங்க தம்பி, ஒன்பது வயரும் இருக்கான்னு சேர்ந்தே எண்ணுவோம்.